ஹெட்போனுக்கு ஆம்ப், டிஏசி, கேபிள்: மதுரைப் பக்கம் முதன்முறை வாங்குவோருக்கு

இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்கி, அதைப் போனில் செருகிக் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு காசு?" என்று யோசிப்பவர்களுக்கான கட்டுரை இது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் கைவைப்பது கேபிளில். அடுத்து டிஏசி, அதாவது டிஜிட்டல் பாட்டை மின்சிக்னலாக மாற்றும் கருவி. கடைசியில்தான் அந்தச் சிக்னலுக்குப் பலம் கொடுக்கும் ஆம்ப். இந்த வரிசை தலைகீழ். முதலில் ஹெட்போன் எவ்வளவு பவர் கேட்கிறது என்று கணக்குப் போடவேண்டும். அதற்கேற்ற ஆம்ப் பார்க்கவேண்டும். பிறகு டிஏசி. வீட்டு மின்சாரத்தைச் சரிபார்ப்பது அதற்குப் பின்னால். கேபிள் எல்லாவற்றுக்கும் கடைசி.

செலவைப் பிரிப்பதென்றால் நூறு ரூபாயில் எழுபது ரூபாய் ஹெட்போனுக்குப் போகட்டும். ஆம்ப், டிஏசி இரண்டுக்கும் சேர்த்து இருபத்தைந்து. மிச்சம் ஐந்து கேபிளுக்கும் ஜாக் மாற்றும் கன்வெர்ட்டருக்கும்.

ஹெட்போனையே இன்னும் வாங்கவில்லை என்றால் ஒரு விஷயம். விலை கூடிய ஹெட்போன்களில் பல ஓப்பன்-பேக், அதாவது முதுகுப்பக்கம் வலை போட்டுத் திறந்திருக்கும். வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். வைகாசியில் சீலிங் ஃபேனை முழு வேகத்தில் விடாமல் மதுரையில் யாரும் உட்கார முடியாது. அந்தக் காற்றுச் சத்தம் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். தெருமுனையில் கோயில் மைக்செட் கட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். மாசி வீதிகளுக்குள் குடியிருப்பவர்கள் குளோஸ்ட்-பேக் அல்லது காதுக்குள் நுழைக்கும் ஐஇஎம் பக்கம் போவது நல்லது. நாகமலை, அழகர்கோவில் ரோடு மாதிரி ஊர் ஓரத்தில் இருந்து, இரவில் கேட்பவர்கள் ஓப்பன்-பேக் வாங்கலாம்.

படி 1: விவரத் தாளில் இரண்டு எண்கள்

இம்பீடன்ஸ் (ஹெட்போனின் மின்தடை), சென்சிட்டிவிட்டி (கொடுப்பதற்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது). முதலாவது ஓமில் இருக்கும், இரண்டாவது டெசிபலில். இம்பீடன்ஸ் அதிகமாக இருந்தால் "ஓட்டுவது கஷ்டம்" என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான். 300 ஓம் ஹெட்போனுக்கு வோல்டேஜ் அதிகம் வேண்டும், கரண்ட் மிகக் குறைவாகப் போதும். 50 ஓமிலும் ஓட்டவே முடியாத ஹெட்போன்கள் இருக்கின்றன. ஓட்டுவது எளிதா கடினமா என்பதைச் சொல்வது சென்சிட்டிவிட்டி.

அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில கம்பெனிகள் 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் வரும் என்று போடுகின்றன. சில, 1 வோல்ட் கொடுத்தால் எத்தனை என்று போடுகின்றன. 1 வோல்ட் என்பது 32 ஓம் ஹெட்போனில் 31 மில்லிவாட். 300 ஓமில் 3.3 மில்லிவாட்தான். ஆகவே வோல்ட் கணக்கில் இருக்கும் எண்ணை மில்லிவாட் கணக்குக்குக் கொண்டுவர, 32 ஓம் என்றால் 15 கழியுங்கள். 300 ஓம் என்றால் 5. 600 ஓம் என்றால் 2. சென்ஹைசர் எச்டி 650-க்குப் போட்டிருக்கும் 103 டெசிபல் 1 வோல்ட்டுக்கு உரியது. மில்லிவாட்டுக்கு மாற்றினால் 98. இந்த மாற்றத்தைச் செய்யாமல் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட்டால் எல்லாக் கணக்கும் தப்பும்.

வாங்கிய ஹெட்போன் அசல்தானா என்ற சந்தேகத்துக்கும் இம்பீடன்ஸ் உதவும். மல்டிமீட்டரை 2000 ஓம் அளவில் வைத்து ஜாக்கின் நுனியிலும் அடிப்பகுதியிலும் தொடுங்கள். 300 ஓம் என்று விற்ற சாதாரண டைனமிக் ஹெட்போன் 300-க்கு அருகில் காட்டவேண்டும். 32 காட்டினால் பொருள் போலி. இடது, வலது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு பக்கம் டிரைவரிலோ (ஒலி எழுப்பும் பாகம்) கேபிளிலோ கோளாறு.

படி 2: எவ்வளவு பவர் வேண்டும்

வீட்டில் நன்றாகச் சத்தமாகக் கேட்டாலும் சராசரி 80 டெசிபலைத் தாண்டாது, தாண்டவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஆனால் இசையில் உச்சங்கள் உண்டு. இப்போதைய சினிமாப் பாட்டுகள் ஒரே மட்டத்துக்கு அமுக்கப்பட்டவை. உச்சம் சராசரியைவிட 10 டெசிபல் மேலே போனாலே அதிகம். நல்ல கச்சேரிப் பதிவு அப்படியில்லை. சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் மாதிரி நாதஸ்வரத்தோடு தவில் சேரும் பதிவில், தவிலின் ஒற்றை அடி சராசரியிலிருந்து 20, 25 டெசிபல் எகிறலாம். அந்த அடி நசுங்காமல் வரவேண்டும் என்பதற்காக 110 டெசிபல் உச்சம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம்.

110-லிருந்து ஹெட்போனின் மில்லிவாட் சென்சிட்டிவிட்டியைக் கழியுங்கள். மிச்சம் வரும் டெசிபலில் ஒவ்வொரு 10-க்கும் பவர் பத்து மடங்கு, ஒவ்வொரு 3-க்கும் இரண்டு மடங்கு. கிடைத்த பவரை வாட்டாக மாற்றி, ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட்.

சென்ஹைசர் எச்டி 600 எடுத்துக்கொள்வோம். 300 ஓம், 97 டெசிபல். 110-ல் 97 போக 13. பத்து மடங்கும் இரண்டு மடங்கும், ஆக 20 மில்லிவாட். 0.02-ஐ 300-ஆல் பெருக்கினால் 6, வர்க்கமூலம் 2.45 வோல்ட். போனின் ஜாக்கும், போனின் யூஎஸ்பியில் செருகும் சிறு டிஏசி-ஆம்ப்பான சாதாரண டாங்கிளும் தருவது 1 வோல்ட்டோ அதற்கும் கீழேயோதான். 1 வோல்ட்டில் எச்டி 600 கிட்டத்தட்ட 8 டெசிபல் குறைவாக நிற்கும். சினிமாப் பாட்டுக்கு அது போதும். கச்சேரிக்கு வால்யூமை முழுக்கத் திருகியும் போதவில்லை என்று தோன்றும். "ஆம்ப் போட்டதும் பேஸ் கூடிச்சு" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த 8 டெசிபல்தான்.

ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல். கணக்கு 13 மில்லிவாட், 0.7 வோல்ட் என்று வரும். இதற்குத் தனி ஆம்ப் தேவையே இல்லை, டாங்கிள் போதும். ஹைஃபைமேன் சுந்தரா 37 ஓம், 94 டெசிபல்: 40 மில்லிவாட், 1.2 வோல்ட், 33 மில்லியாம்பியர். 2 வோல்ட் தரும் நல்ல டாங்கிள் சமாளித்துவிடும். அதே கம்பெனியின் எச்இ6 வேறு கதை. 50 ஓம்தான், ஆனால் சென்சிட்டிவிட்டி 83.5. மிச்சம் 26.5 டெசிபல், அதாவது 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லியாம்பியர். இதை ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரில் இணைத்துக் கேட்டவர்கள் ஏராளம். காரணம் இந்தக் கணக்குதான். முதல் ஹெட்போனாக இதை வாங்காதீர்கள்.

ஆம்ப் விளம்பரத்தில் "1000 மில்லிவாட்" என்று கொட்டை எழுத்தில் இருந்தால், எத்தனை ஓமில் என்று பாருங்கள். பெரும்பாலும் 32 ஓமில்தான் இருக்கும். 32 ஓமில் 1 வாட் என்றால் 5.7 வோல்ட். அதே ஆம்ப் 300 ஓமில் ஏறத்தாழ 107 மில்லிவாட் தரும். எச்டி 600-க்கு அது ஐந்து மடங்கு தாராளம். ஆனால் 16 ஓமில் மட்டும் எண் போட்டு 300 ஓம் பற்றி வாயே திறக்காத பொருளை ஒதுக்கிவிடுங்கள். "16 முதல் 600 ஓம் வரை பொருந்தும்" என்ற வரிக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

படி 3: அவுட்புட் இம்பீடன்ஸ், இரைச்சல், கெயின்

ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்புக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை, ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கவேண்டும். 1 ஓமுக்குக் குறைவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எதையும் செருகலாம். ஏன் என்றால், ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே எண்ணாக இருப்பதில்லை. பல ஆர்மேச்சர் (ஒரு வகைச் சிறு டிரைவர்) வைத்த ஐஇஎம் ஒன்று ஓரிடத்தில் 8 ஓமும் இன்னோரிடத்தில் 40 ஓமும் காட்டலாம். 10 ஓம் அவுட்புட் உள்ள ஆம்ப்பில் அதைச் செருகினால் இரண்டு இடங்களுக்கும் நடுவே 5 டெசிபல் வித்தியாசம் விழுந்து, குரலின் நிறமே மாறிவிடும். 1 ஓம் ஆம்ப்பில் அது 0.8 டெசிபலோடு நின்றுவிடும். தட்டையான மெல்லிய படலம் அதிரும் பிளேனார் ஹெட்போன்களுக்கு இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

வால்வ் ஆம்ப் ஆசை உள்ளவர்களுக்கு: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகையில் அவுட்புட் இம்பீடன்ஸ் 100 ஓமை ஒட்டியும் இருக்கும். 300 ஓம் சென்ஹைசரில் பேஸ் ஒரு டெசிபல் போல ஏறும். பலருக்கு அது பிடித்தும் இருக்கிறது. சுந்தராவிலோ ஐஇஎம்மிலோ செருகினால் வீண்.

இரைச்சல் ஐஇஎம் வைத்திருப்பவர்களின் பிரச்சினை. 1 வோல்ட்டுக்கு 125 டெசிபல் தரும் ஐஇஎம்மில், 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் உள்ள ஆம்ப் 25 டெசிபல் சீறலைத் தரும். இரவில் ஃபேனை நிறுத்தினால் அது கேட்கும். 2 மைக்ரோவோல்ட் ஆம்ப்பில் அது 11 டெசிபல்தான், காதுக்கு எட்டாது. எச்இ6 ஓட்டும் பெரிய ஆம்ப்பை வாங்கி அதில் ஐஇஎம்மும் கேட்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கெயின் என்பது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. அதற்குச் சுவிட்ச் இருந்தால் எப்போதும் 'லோ'வில் தொடங்குங்கள். வால்யூம் குமிழ் கடிகார முள்ளில் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே நிற்கும்படி கெயினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 8 மணிக்குக் கீழேயே சத்தம் போதும் என்றால் கெயின் கூடிவிட்டது. அந்த இடத்தில் மலிவான வால்யூம் குமிழ்களில் இடது வலது சமமாக இராது. பாட்டு ஒரு காதுப் பக்கம் சாய்ந்து கேட்கும். ஹெட்போன் பழுது என்று திருப்பி அனுப்பப்படுவதில் சில, உண்மையில் இந்தக் குமிழின் வேலை.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி: 2011-ல் வெளியான ஓ2 ஆம்ப்பின் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. என்ஜேஎம்2068, என்ஜேஎம்4556ஏ என்ற இரண்டு வகை ஐசிகள்தான் அதன் உயிர். ஐசிக்களை மட்டும் தெரியாத இடத்தில் மலிவாக வாங்காதீர்கள். பெயர் அழித்து எழுதிய போலிகள் உலவுகின்றன.

படி 4: டிஏசி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். சிடியின் 16 பிட் தரம் தருவது 96 டெசிபல் இடைவெளி. இன்றைக்கு இரண்டாயிரம் ரூபாய் டாங்கிள்களில் பல அதைத் தொட்டுவிடுகின்றன. உள்ளே இருப்பது ஈஎஸ்எஸ் சிப்பா ஏகேஎம் சிப்பா என்று சண்டை போடுவதைவிட, அளவீட்டில் சிதைவும் இரைச்சலும் சேர்த்துப் பாட்டைவிட 100 டெசிபல் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். 192 கிலோஹெர்ட்ஸ், 768 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களுக்காகத் தனியாகக் காசு கொடுக்கவேண்டியதில்லை.

பார்க்கவேண்டியது வேறு. தனி ஆம்ப்புக்குப் போகும் லைன் அவுட் 2 வோல்ட் இருக்கவேண்டும். அதுதான் வழக்கமான அளவு. யூஎஸ்பியோடு ஆப்டிகல் இன்புட்டும் இருந்தால் நல்லது. ஏன் என்று அடுத்த படியில் தெரியும். தனி ஆம்ப்போடு சேர்க்கும்போது கம்ப்யூட்டரின் வால்யூமை 100-ல் வைத்துவிட்டு ஆம்ப் குமிழில் மட்டும் கூட்டிக் குறையுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ஆப்பிள் டாங்கிளைச் செருகினால் சத்தம் பாதிதான் வருகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். டாங்கிளுக்குள் இருக்கும் வால்யூமைப் பல ஆண்ட்ராய்டு போன்கள் முழுக்கத் திறப்பதில்லை. யூஎஸ்பியை நேரடியாகக் கையாளும் பிளேயர் ஆப் போட்டால் சரியாகும். இல்லாவிட்டால் வேறு டாங்கிள் வாங்குங்கள்.

படி 5: வீட்டுக் கரண்ட்

நல்ல ஆம்ப், நல்ல டிஏசி வாங்கியும் "ம்ம்ம்" என்று உறுமுகிறதா? பொருளைக் குறை சொல்லும் முன் சுவரைப் பாருங்கள்.

உறுமல் தாழ்ந்த சுருதியில் சீராக இருந்தால் 50 ஹெர்ட்ஸ். கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால், குற்றவாளி சார்ஜர் அல்லது எர்த் சுற்று. இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் மேல் டெஸ்டரை வைத்தால் மினுக்கும், கையில் சுரீரென்று இருக்கும். அந்தக் கசிவுதான் யூஎஸ்பி ஒயரின் மேலுறை வழியாக ஆம்ப்புக்குப் போகிறது. கம்ப்யூட்டர், ஆம்ப் இரண்டும் மூன்று பின் என்றால், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒரே சுவர்ப் பிளக்கில் போடுங்கள். அப்படியும் போகாவிட்டால் யூஎஸ்பிக்குப் பதில் ஆப்டிகல் ஒயர். அதில் ஒளி மட்டும்தான் போகும், கரண்ட் போக வழியில்லை. மலிவான யூஎஸ்பி ஐசோலேட்டர்களில் பல 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். அதிக வேகம் கேட்கும் டிஏசிக்கள் அதில் ஓடாது.

எந்தக் காரணத்துக்காகவும் எர்த் பின்னை உடைக்காதீர்கள். உறுமல் நின்றுவிடும், உண்மைதான். உள்ளே ஒரு ஒயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் நேராக உங்கள் காதுக்கு வரும் வழியும் அதுதான்.

எர்த் இருக்கிறதா என்று வயர்மேனை வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் என்றால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதை ஒட்டியே வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 150, 170 என்று ஆடினால் எர்த் செத்துவிட்டது. பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி, சித்திரை, வைகாசியில் சுத்தமாகக் காய்ந்துபோகும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் அளந்து பாருங்கள். தேறினால் குழியை ஈரமாக வைத்துக்கொள்வதே போதும்.

ஃபேன் ரெகுலேட்டரும் தொல்லை தரும். சுற்றினால் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில், கரண்டை வெட்டி வெட்டி விடும் டிரையாக் இருக்கும். நடு வேகத்தில் வைத்தால் ஆம்ப்பில் 'ஜர்ர்' கேட்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்ததும் குறைந்தால் அதுதான். படி படியாக நிற்கும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாற்றினால் போய்விடும்.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்பை அதில் ஓட்டாதீர்கள், உறுமும், சூடாகும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் பேட்டரியில் ஓடும் டாங்கிளே நிம்மதி. கரண்ட் திரும்பி வரும் நொடியில், ஹெட்போனைச் சற்றுத் தாமதித்து இணைக்கும் ரிலே இல்லாத ஆம்ப் 'டொப்' என்று ஒரு அடி போடும். அந்த நேரம் ஹெட்போன் ஜாக் ஆம்ப்பில் இருக்கக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் ஆம்ப்பின் பின்பக்கம் 115 வோல்ட் என்று இருந்தால் நம் பிளக்கில் செருகாதீர்கள். 230-க்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

படி 6: கேபிள்

26 கேஜ் செம்பு ஒயர் மீட்டருக்கு 0.13 ஓம். ஒன்றரை மீட்டர் கேபிள் போய் வர 0.4 ஓம். 32 ஓம் ஹெட்போனில் அதனால் குறைவது 0.1 டெசிபல். 300 ஓமில் 0.01 டெசிபல்தான். வெள்ளிப் பூச்சு, எட்டு இழைப் பின்னல் எல்லாம் பார்க்க அழகு. காதுக்கு அதில் வேலை குறைவு. நல்ல கேபிள் என்றால் மடங்கும் இடத்தில் முறியாதது, சட்டையில் உரசினால் காதில் 'கரக்' என்று ஏறாதது, ஜாக்கில் ஆடாதது. அவ்வளவுதான்.

பிளக் வகையைச் சரியாகப் பாருங்கள். எச்டி 600, 650-க்குச் சென்ஹைசரின் இரண்டு பின். சுந்தராவுக்கு இரு பக்கமும் 3.5 மில்லிமீட்டர், ஐஇஎம்களில் 0.78 இரண்டு பின் அல்லது எம்எம்சிஎக்ஸ். இரண்டு பின் ஐஇஎம்மில் ஒரு பக்கம் மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால் பாடகர் நடுவில் நிற்காமல் மண்டைக்கு வெளியே கலைந்துபோவார். பேஸும் காணாமல் போகும். ஒரு பக்கத்தைக் கழற்றித் திருப்பிச் செருகினால் சரி.

முறிந்த கேபிளை டவுன்ஹால் ரோட்டில் ஜாக் வாங்கி நீங்களே ஒட்டலாம். ஹெட்போன் ஒயர் இழைகளில் எனாமல் பூச்சு இருக்கும்; அதைச் சுரண்டினால் இழை அறுந்துவிடும். 25 வாட் அயர்னின் நுனியில் ஈயச் சொட்டு வைத்து, ஒயர் முனையை அதற்குள் சில நொடி பிடித்தால் எனாமல் புகைந்து, முனை வெள்ளி நிறமாகும். அப்படி ஆகாத முனையில் ஈயம் ஒட்டியது போலத் தெரியும், சத்தம் வராது. ஒட்டியபின் மல்டிமீட்டரில் இரு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஆம்ப்பில் செருகவேண்டும்.

பேலன்ஸ்டு 4.4 மில்லிமீட்டர் ஜாக் தருவது இரட்டிப்பு வோல்டேஜ், அதனால் கூடுதல் பவர். சாதாரண ஜாக்கிலேயே பவர் போதும் என்று படி 2-ல் கணக்கு வந்திருந்தால், தேவையில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மூன்று தொடர்பு மட்டும் உள்ள சாதாரண 3.5 ஜாக் ஹெட்போனை, கன்வெர்ட்டர் மூலம் ஆம்ப்பின் 4.4-ல் செருகக்கூடாது. பேலன்ஸ்டு ஆம்ப்பில் இடது, வலது இரண்டின் நெகட்டிவும் தனித்தனி. அந்தக் கன்வெர்ட்டர் அவை இரண்டையும் ஷார்ட் செய்யும். சில ஆம்ப் தாங்கும், சில ஐசியோடு போய்விடும். எதிர்த் திசையில் போவதில், அதாவது பேலன்ஸ்டு கேபிளை 3.5-க்கு மாற்றுவதில், ஆபத்து இல்லை.

வீட்டில் ஒப்பிடுவது

ஆன்லைனில் வாங்கிய ஆம்ப் முந்தையதைவிட மேலா என்று தெரிய, சத்தத்தைச் சமப்படுத்தவேண்டும். 0.5 டெசிபல் கூட இருந்தாலும் காது அதையே "தெளிவு" என்று எடுத்துக்கொள்ளும். ஒய் ஸ்ப்ளிட்டரில் ஒரு பக்கம் ஹெட்போனும் மறுபக்கம் மல்டிமீட்டரும் இணைத்து, 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிடுங்கள். மலிவு மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும், அதனால்தான் 100. ஏசி வோல்ட்டில் இரண்டு ஆம்ப்பும் ஒரு சதவீதத்துக்குள் வரும்வரை குமிழைத் திருகுங்கள். பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, பத்து முறை ஊகியுங்கள். ஒன்பது முறை சரியாகச் சொன்னால் வித்தியாசம் நிஜம். குருட்டாம்போக்கில் அந்த அளவு வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஐந்து, ஆறு என்று வந்தால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள்.